ஈயம் வைத்த கோல்

எங்கள் வீட்டு முகட்டில் எப்போதும் சில தடிகள் தொங்கும். நூலில் கட்டிய மெல்லிய தடிகள், ஓர் ஆள் உயரத்துக்குக் கிட்டியவை. வாவிப் பக்கமிருந்து காற்று எழுந்தால் அவை மெல்லத் திரும்பி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மத்தியான வெயிலுக்குப் பாயில் சரிந்து கிடக்கும்போது அந்த ஓசையைக் கேட்டபடியே எனக்குக் கண் சொருகிவிடும். உறக்கமும் விழிப்பும் கலந்த அந்த நேரத்தில், கூரைக்குள் மழை இறங்கி வந்து பாதி வழியில் நின்றுவிட்டது போலத் தோன்றும்.

அவை பில்லியட் கோல்கள். பட்டினத்தில், புளியந்தீவில், கனவான்கள் கூடுகிற கிளப்பில் பச்சைத் துணி விரித்த பெரிய மேசை ஒன்று இருந்தது. அதில் பந்து தட்டி விளையாடுவதற்கான கோல்கள். சீமையிலிருந்து வந்தவை எங்கள் உப்புக்காற்றில் ஓரிரண்டு மாரிக்குள் வளைந்துபோகும். என் கணவர் ஆரையம்பதியில் தச்சுவேலை செய்தவர். எங்களுக்குக் கலியாணம் ஆவதற்கு முன்பே, அந்த மேசையைப் பராமரித்து, விளையாட்டில் புள்ளி சொல்லுகிற மார்க்கர் உடைந்த கோல் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டித்தரக் கேட்டிருக்கிறார். இவர் ஒட்டவில்லை. நீளவாக்கில் பிளந்து பார்த்தாராம். உள்ளே ஒரு மரம் மற்ற மரத்தைக் கவ்விப் பிடித்திருந்த விதத்தில் மனம் போய்விட்டது. அதற்குப் பிறகு தொட்டிலும் கதிரையும் தோணிக்குத் துடுப்பும் செய்கிற நேரம் போக மிச்சமெல்லாம் கோலுக்குத்தான்.

நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். விரலிடுக்கில் நூலை ஓடவிட்டு, எங்கே மொத்தம், எங்கே மெலிவு என்று பார்க்காமலே சொல்லப் பழகியவள். கலியாணமான புதிதில் முகட்டில் தொங்கியவற்றைத் தூண்டில் தடிகள் என்று நினைத்திருந்தேன். அவர் ஒன்றை அவிழ்த்துத் தந்து தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவுக்குச் சற்று மேலே விரல் நின்றது. ஏதோ புடைத்திருக்கிறது என்றேன். அவர் அந்த இடத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சீவுளியை எடுத்தார். அன்றிலிருந்து மெருகுவேலை என்னுடையதாயிற்று. பிராய் இலையின் சொரசொரப்பான பக்கத்தால் தேய்த்து, பிறகு திருக்கைத் தோலால் தேய்த்து, கடைசியில் தேன்மெழுகைக் கையில் உருக்கி உள்ளங்கையாலேயே தேய்ப்பேன். தேய்க்கத் தேய்க்க மரம் சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு வாசம் வரும். முதிரை என்றால் ஒரு வாசம், விண்ணாங்கு என்றால் இன்னொன்று. கருங்காலிக்கு மட்டும் வாசமே இல்லை என்பார் அவர். எனக்கு அதிலும் மழை பெய்து ஓய்ந்த கல்லின் வாசம் வரும்.

தண்டுக்கு அவர் விண்ணாங்கைத்தான் எடுப்பார். வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிரக்கூடிய மரம் அது. பிடிக்குக் கருங்காலி. விண்ணாங்கின் அடியை நாலு பக்கமும் நீளமாகச் சரித்துச் சீவி, ஒவ்வொரு பக்கத்திலும் கருங்காலிப் பலகையை வச்சிரம் போட்டு ஒட்டிக் கயிற்றால் இறுக்கிவிடுவார். காய்ந்த பிறகு பார்த்தால் அது அடுப்பில் வைக்கத்தான் உதவும் போலிருக்கும். அதை உருட்டாகச் சீவிக்கொண்டு போகும்போதுதான் வெளிர் மரத்துக்குள் கறுப்பு மரம் நாலு கூராக எழுந்துவரும், தாழம்பூ மடல் போல. நாலு கூரும் ஒரே உயரத்தில் வந்து நின்றால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நுனிக்கு மான்கொம்பில் ஒரு பூண். அதன்மேல் பந்தைத் தொடுகிற இடத்தில் ஏறாவூர்த் தோல் வியாபாரி கொண்டுவருகிற மரைத்தோலில் வெட்டிய சின்ன வட்டம்.

விடியக்காலையில் காற்று எழும்பமுன் கோலைத் தூக்கிக்கொண்டு வாவிக்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவோம். அவர் கோலைத் தண்ணீரில் படுக்கவைத்துவிட்டுக் கையை எடுப்பார். ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் கோல் தானாகவே மெல்லச் சுழன்று கிறுகி, கனத்த பக்கத்தைக் கீழே கொண்டுபோகும். கிறுகாமல் கிடந்தால் நல்லது. கருங்காலி கனமென்பதால் பிடிப்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்து, நுனி மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். பனிமூட்டத்தில் அக்கரை தெரியாது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளையில் அந்தக் கோல் ஒன்றுதான் கோடாகக் கிடக்கும். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அப்படி ஒரு காலத்தில்தான் சேவையர் ஐயா வந்தார். காணி அளந்து படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்து, காலம் முடியமுன்னே விலகிக்கொண்டவர். பட்டினத்தில் வீடு. மனைவி இல்லை. மகள் கொழும்பில் கலியாணம் செய்து இருந்தாள். தோணியில் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, வலது கை சட்டைப் பைக்குள். வந்ததிலிருந்து போகும்வரை அந்தக் கை வெளியே வரவேயில்லை.

தனக்கென்று ஒரு கோல் வேண்டும் என்றார். உள்ளதிலேயே லேசான மரத்தில், கையில் இருப்பதே தெரியாதபடி. முகட்டில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். கருங்காலிக் கூர்களைப் பார்த்தபோது அவர் முகம் இளகியது. கொழும்பில் இளவயதில் தான் பிடித்த கோல் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதன் பிடியில் மரத்தின் ரேகை ஆற்றுப்படம் போல இருந்ததாம். விளையாட்டில் தன் முறை வரும்வரை அந்த ரேகையைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அதைக் கேட்டதுமே என் கணவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் நல்ல பீங்கான் கோப்பையில், தட்டோடு, தேத்தண்ணீர் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை. ஆறி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

தோணி போன பிறகு கணவர் சீவுளியைக் கீழே வைத்துவிட்டு இருந்தார். "எங்கட வீட்டுப் பாத்திரத்தில அவர் வாய் வைக்கமாட்டார் போல" என்றார். கோபமென்று சொல்ல முடியாது. ரேகையைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொன்ன மனிதர் என்பதுதான் அவருக்கு வலித்தது.

ஆனாலும் கோலைச் செய்தார். பிடியில் கருங்காலியைக் குறைத்து, அதைவிட லேசான முதிரையைக் கூட்டிச் செய்தார். முதிரை வெயிலில் பொன்னாக மினுங்கும். அவ்வளவு அழகான கோலை அதற்குமுன் நான் மெருகிட்டதில்லை. சேவையர் ஐயா மறுபடி வந்தபோது என் கணவர் அதை எடுத்து அவர் முன் நீட்டினார்.

வேறு வழியில்லை. கை வெளியே வந்தது. பிடியைப் பற்றியதும் கோலின் நுனி நடுங்கத் தொடங்கியது. காற்றில் நாணல் நடுங்குவது போல, நிற்காமல். அவர் நெற்றி வியர்த்தது. கோலைச் சுவரில் சாத்திவிட்டு, நல்ல வேலை, மிக நல்ல வேலை என்று சொன்னார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தப் பீங்கான் கோப்பை ஞாபகம் வந்தது. தட்டோடு எடுத்திருந்தால் அது கலகலவென்று ஊருக்கே சொல்லியிருக்கும். உள்ளே போனேன். என் தாய்வீட்டுச் சீதனமாக வந்த பித்தளை மூக்குப்பேணி, மூக்கு வைத்த குவளை, ஒன்று இருந்தது. அடி தடித்தது. நிறைய மோர் ஊற்றினால் தூக்கவே கைக்குப் பலம் வேண்டும். அதில் மோரை நிரப்பிக் கொண்டுவந்து, கதிரையில் வைக்காமல், அவர் கையிலேயே கொடுத்தேன்.

வாங்கினார். கை கனத்தில் சற்றுக் கீழே போயிற்று. பிறகு நடுங்காமல் நின்றது. அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டுக்கூடக் கோட்டில் விழவில்லை. குடித்து முடித்தும் பேணியை அவர் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து வைக்க ஏலாமப் போனதாலதான் வேலையை விட்டன்" என்றார் கடைசியில். "கண் சரியில்ல எண்டுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்."

அவர் போன பிறகு கணவரிடம் சொன்னேன், லேசான கோல் அவருக்கு ஆகாது, கனமாகச் செய்ய வேண்டும் என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கனத்தால் கை களைத்துப்போகும், பந்தின் மேல் அடி பலமாக விழும் என்றார். களைத்தாலும் நடுங்காது என்றேன் நான். மூக்குப்பேணி வேறு, கோல் வேறு என்றார். அன்று முழுவதும் நாங்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுக்கவில்லை. மறுநாள் விடிய நான் எழும்பி வந்து பார்த்தால், மீன்வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை எங்கிருந்தோ வாங்கிவந்து நிலத்தில் பரப்பிவைத்துக்கொண்டு இருக்கிறார். "எவடத்தில வைக்கிற எண்டதுதான் கேள்வி" என்றார், நேற்றைய பேச்சு நடுவில் அறுபடவே இல்லை என்பது போல.

எவ்விடம் என்று கண்டுபிடித்தது ஒரு பின்னேரம். சேவையர் ஐயா எங்கள் வீட்டு வளவு மணலில் நின்று, சீவி முடியாத கருங்காலிக் கோல் ஒன்றைப் பந்து தட்டுவது போலப் பிடித்துக்கொண்டார். இடது கையை முன்னால் ஒரு பலகையில் ஊன்றியிருந்தார். வெயில் சாய்ந்து கோலின் நிழல் மணலில் நீளமாக விழுந்தது. நுனியின் நடுக்கம் நிழலில் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நான் ஈயக்குண்டுகளைத் துணியில் சுற்றிப் பிடிக்குப் பின்னால் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். கணவர் கோலைப் பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பக்கம், இன்னும் கொஞ்சம், கொஞ்சம் கூடிப்போயிற்று என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களில் கொக்குகள் வந்து அடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் நான் கையை எடுத்தபோது நிழல் நின்றுவிட்டது. முழுதாக என்று சொல்லமாட்டேன். ஆனால் நிழலின் நுனி மணலில் ஓரிடத்தைத் தேடிப்பிடித்துப் படுத்துவிட்டது. யாரும் அசையவில்லை. வெயில் போய், நிழல் மணலோடு கலந்து மறையும்வரை அப்படியே நின்றோம்.

அந்த இடத்தில் மையால் ஒரு கோடு போட்டுவிட்டு, கருங்காலியை உள்ளே குடைந்து ஈயத்தை உருக்கி வார்த்தார். மேலே அதே மரத்தில் ஒரு மூடி. எங்கே குடைந்தது என்று எனக்கே விரலுக்குத் தெரியாதபடி மூடினார்.

அதற்குள் மாரி வந்துவிட்டது. அந்த வருஷம் வாவி வளவுக்குள் ஏறிவந்தது. அடுப்புப் புகைக்கு மேலே பரண் கட்டி மரங்களை ஏற்றினோம். ஆனாலும் சேவையர் ஐயாவின் கோல் ஒருநாள் நிலைக்கண்ணாடியை நிலத்தில் கிடத்தி அதன்மேல் உருட்டியபோது துள்ளியது. தண்டு வளைந்துவிட்டது. இவ்வளவு பாடும் பட்டு முடித்த கோல். என் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெய்கிற மழையைப் பார்த்தார். நான் அழுதேன். அவர் எழுந்து, தண்டைக் கூர்களுக்கு மேலே அறுத்து எறிந்தார். பிடியை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய விண்ணாங்கு ஒன்றைத் தேடியெடுத்துத் தண்டை மறுபடி செய்யத் தொடங்கினார். மாரி முடிந்து நிலம் காய்ந்து, வெள்ளரிக்கொடி போட்ட காலத்தில்தான் கோல் முடிந்தது.

முடிந்ததும் சேவையர் ஐயா எங்கள் இருவரையும் கிளப்புக்கு வரச் சொன்னார். பெண்கள் போகிற இடமல்ல அது. கணவரும் மார்க்கரோடு பின்வாசலில் நின்று பேசியதைத் தவிர உள்ளே கால்வைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கனவான்கள் யாரும் வராத நேரம் பார்த்து, மார்க்கர் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. யன்னல் பலகைகளின் இடுக்கால் வந்த வெளிச்சம் மேசைமேல் மட்டும் விழுந்தது. பச்சை. நாற்று எழும்பிய வயல் வட்டை ஒன்றை யாரோ சுருட்டிக் கொண்டுவந்து வீட்டுக்குள் விரித்தது போல. அதன்மேல் மூன்று பந்துகள், இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. எங்கள் கையில் பிறந்தவை போய்ச் சேருகிற இடம் இதுதானா என்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வருஷக்கணக்காகக் கோலின் ஒரு முனையை மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். மற்ற முனை தொடுகிற உலகம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

சேவையர் ஐயா கோட்டைக் கழற்றி மார்க்கரிடம் கொடுத்தார். குனிந்தார். கோல் அவர் நாடிக்குக் கீழே முன்னும் பின்னும் போய்வந்தது, கரையில் கட்டிய தோணி அசைவது போல. பிறகு ஒரு சின்னச் சத்தம். வெள்ளைப் பந்து அவசரமில்லாமல் போய், சிவப்பைத் தொட்டு, கிறுகி, மற்ற வெள்ளையையும் தொட்டுவிட்டு நின்றது. மார்க்கர் பழக்கத்தில் புள்ளி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார். சேவையர் ஐயா நிமிராமல் மேசையில் கையூன்றியபடியே நின்றார். தோள் மட்டும் அசைந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் கோலை என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒருக்காத் தட்டிப் பாருங்க, தங்கச்சி."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். சேவையர் ஐயா காட்டித்தந்தபடி குனிந்து பிடித்தேன். பிடியின் கனம் கையை அணைத்துக்கொண்டது. தட்டினேன். பந்து ஒன்றையும் தொடாமல் அந்தப் பச்சையைக் கடந்து போய், ஓரத்தில் முட்டி, அதே வழியில் மெதுவாகத் திரும்பி வந்தது. அது வந்து நிற்கும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. இன்றைக்கும் சில மத்தியானங்களில் அது என் கண்ணுக்குள் வந்துகொண்டேயிருக்கும்.

வருஷப்பிறப்பையொட்டி கிளப்பில் ஒரு போட்டி நடந்தது. சேவையர் ஐயா ஒரு தென்னந்தோட்டத்துத் துரையோடு கடைசிவரை விளையாடி, கொஞ்சப் புள்ளியில் தோற்றுப்போனார். மார்க்கர் வந்து சொன்னபோது என் கணவர் வாடிப்போனார். ஈயத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் வைத்திருக்கலாமோ என்று தனக்குள் முணுமுணுத்தார். ஆனால் பின்னேரம் சேவையர் ஐயாவே தோணியில் வந்து இறங்கினார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

"தோத்துப்போனன்" என்றார் சிரித்துக்கொண்டு. "எல்லாரும் பந்தைத்தான் பாத்தாங்க. ஒருத்தரும் என்ட கையைப் பாக்கல்ல."

அன்று அவர் இன்னொன்றும் கேட்டார். அறுத்து மிஞ்சிய கருங்காலியில், கோலின் பிடி போலவே கனமாக, எழுதுகிற பேனைக்கு ஒரு கட்டை. அதையும் ஈயம் வார்த்துச் செய்துகொடுத்தோம். பெருவிரல் மொத்தத்தில், பார்க்க அம்மிக்குழவியின் குட்டி மாதிரி இருந்தது. சில மாதம் கழித்து அந்தக் கட்டையால் வரைந்த ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் கரையின் படம். தோணி கட்டுகிற இடம், கண்ணாக் காடு, கோவில் ஆலமரம், எங்கள் வீடு, கிணறுகூட இருந்தது. உத்தியோகத்தில் வரைந்த படங்களைப் போல இல்லை என்று கூச்சத்தோடு சொன்னார். தண்ணீரும் நிலமும் சந்திக்கிற கோடு நெடுகிலும் நடுங்கியிருந்தது. என் கணவர் படத்தை வாசலுக்குக் கொண்டுபோய், அதையும் கரையையும் மாறிமாறிப் பார்த்தார். "கரை இப்பிடித்தானே ஐயா கிடக்கு" என்றார். அவர் அதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எங்கள் கரை அப்படித்தான் இருந்தது, இருக்கிறது.

அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தோம். பிறகொரு மாரியில் கறையான் எடுத்துவிட்டது.

சீமையில் யுத்தம் தொடங்கிய காலத்தில் மகள் வந்து சேவையர் ஐயாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோலுக்கு நான் தறியில் நீளமான உறை ஒன்று நெய்துகொடுத்தேன், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டு. ரயிலில் அதை மேலே வைக்க இடம் காணவில்லை. மகள் வேறெங்காவது வைக்கச் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் நட்டுப் பிடித்துக்கொண்டு இருந்தார். ரயில் அசையும்போது வலது கையை யன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். அது நடுங்கியதா, அவர் ஆட்டியதா என்று சொல்ல முடியாது. ஒளிக்காமல் நீட்டியிருந்தார்.

நாங்கள் தோணியில் திரும்பினோம். கணவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, தோணியை நீரோட்டத்தில் விட்டுவிட்டார். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கொழும்பில் உப்புக்காற்று இங்கே இருப்பதைவிடக் கூடவா குறையவா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கூடத்தான் இருக்கும், மெழுகு போடச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்றார். மகளிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தோணியின் ஓரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் துடுப்பை எடுத்து வலித்தேன்.